ஐம்பதை இருநூறாக்கிய இரவு: ஓடும் தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசை மாற்றம்

மாற்றியது ஒரே ஒரு எண்தான். 50 இருந்த இடத்தில் 200. அதனால் பெங்களூரு கலாசிபாளையம் கவுண்டரில் 55 நிமிடம் காகிதச் சீட்டில் புக்கிங் எழுதினார்கள். ஒன்பது நாள் கழித்து ஈரோட்டுக் கிடங்கில் யாருடையது என்று தெரியாத மூட்டைகள் சேர்ந்திருந்தன. முதல் விபத்தை எல்லோரும் பார்த்தோம், கத்தினோம், சரிசெய்தோம். இரண்டாவது அதே கட்டளைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு அதிகம் செலவு வைத்தது அதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டு ஊர்களுக்கு இரவுப் பேருந்துகளில் பார்சல் ஏற்றி அனுப்புவது தொழில். தொழில்நுட்பக் குழுவில் ஆறு பேர், அதில் நான்கு பேர் தமிழ். சீனியர் ஈரோட்டுக்காரர். ஹுப்பள்ளியிலிருந்து வந்த பையன் உட்பட எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் 8.0, நாங்களே பராமரிக்கும் சர்வர், பக்கத்தில் அதன் நகலாக ஓடும் ஒரு ரெப்ளிகா. 'பார்சல்' டேபிளில் ஏறத்தாழ நான்கு கோடிப் பதிவுகள், இண்டெக்ஸ் எல்லாம் சேர்த்து 38 ஜிபி.

ஒரு சொல் தகராறை முதலிலேயே தீர்த்துக்கொள்கிறேன். டேபிளின் செங்குத்துக் கட்டத்தை நாங்கள் பேச்சில் 'காலம்' என்றுதான் சொல்கிறோம். எழுதினால் அது நேரமாகிவிடுகிறது. "காலம் மாத்தணும்னா காலம் ஆகும்" என்பது எங்கள் குழுவின் பழைய கடி. இங்கே நெடுவரிசை என்றே எழுதுகிறேன்.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது

புதிய ஆப்பில் வாடிக்கையாளர்கள் தமிழிலேயே தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார்கள். பெறுநர் பெயர் நெடுவரிசை வார்கேர்(50), அதாவது ஐம்பது குறி வரை கொள்ளும் சரம். ஆங்கிலத்தில் பெயர் எழுதிய காலத்தில் இது தாராளம். தமிழில் இல்லை. மைஎஸ்க்யூஎல் எண்ணுவது நம் இலக்கணத்தின் எழுத்துகளை அல்ல, யூனிகோட் குறிகளை. 'மீனாட்சிசுந்தரம்' நமக்கு ஒன்பது எழுத்து. மீ என்பதில் ம ஒன்று, ஈகாரக் குறி ஒன்று. ட் என்பதில் ட ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிக் கூட்டினால் 16 குறிகள். 'ஸ்ரீ' மட்டுமே நான்கு குறி. கடைப் பெயருக்கு முன்னால் ஸ்ரீ, பின்னால் 'அண்ட் சன்ஸ்', அதற்கும் பின்னால் ஊர்ப் பெயர் என்று வந்தால் ஐம்பது போதவில்லை. வரம்பு மீறிய மதிப்பை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோடு இயங்கியதால் தரவுத்தளம் பெயரை வெட்டாமல் புக்கிங்கையே நிராகரித்தது. ஒருவகையில் நல்லதுதான். ஆனால் மூட்டையோடு வரிசையில் நிற்பவருக்கு அது நல்லதாகத் தெரியாது.

இளையவர் ஒருவர் டெஸ்ட் சர்வரில் 60 என்று மாற்றிப் பார்த்தார். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. கூட்டத்தில் சொன்னபோது, "அறுபது எதுக்கு, இருநூறே வச்சிருங்க, திரும்பத் திரும்ப மாத்த வேண்டாம்" என்றார் பிராடக்ட் பார்ப்பவர். எண்தானே, யாரும் மறுக்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

அறுபதுக்கும் இருநூறுக்கும் நடுவே ஒரு சுவர்

மைஎஸ்க்யூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, ஒவ்வொரு வார்கேர் மதிப்போடும் அதன் நீளத்தையும் குறித்துவைக்கிறது. நெடுவரிசையின் அதிகபட்ச அளவு 255 பைட் வரை என்றால் நீளத்தைக் குறிக்க ஒரு பைட் போதும். 256 ஆனால் இரண்டு பைட் வேண்டும். எங்கள் நெடுவரிசையின் எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்8எம்பி4. அதில் ஒரு குறிக்கு அதிகபட்சம் நான்கு பைட் என்று கணக்கு வைப்பார்கள் (தமிழ்க் குறிகள் உண்மையில் எடுப்பது மூன்று). 50 என்றால் 200 பைட். 60 என்றால் 240. இரண்டும் சுவருக்கு இந்தப் பக்கம், அதனால் வரையறைக் குறிப்பு மட்டும் மாறும், பதிவுகளைத் தொடவே வேண்டாம். 63 வரை இப்படிப் போகலாம். 64 என்றால் 256 பைட், சுவர் தாண்டியாயிற்று. 200 என்றால் 800 பைட். நான்கு கோடிப் பதிவுகளையும் புதிய டேபிளில் ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் பெயரை மாற்றிவைக்க வேண்டும். அதுவரை பழைய டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது.

இதை அன்று எங்களில் யாரும் கணக்குப் போடவில்லை. 'மைஎஸ்க்யூஎல்லில் இப்போ எல்லாம் ஆன்லைன்' என்ற பொத்தாம்பொது நம்பிக்கை இருந்தது. நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. 5.6 பதிப்பிலேயே பல மாற்றங்கள் டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல் நடக்கத் தொடங்கின. 8.0.12 முதல் கடைசியில் ஒரு நெடுவரிசை சேர்ப்பது உடனடி வேலை. 8.0.29 முதல் எந்த இடத்திலும் சேர்க்கலாம், நீக்கலாம், எல்லாம் உடனடி. ஆனால் இருக்கிற நெடுவரிசையின் தரவு வகையை மாற்றுவது இன்றுவரை முழு நகல்தான். சேர்ப்பது வேறு, மாற்றுவது வேறு.

கட்டளையின் வாலில் 'அல்காரிதம்=இன்பிளேஸ்' (இருக்கிற இடத்திலேயே மாற்று) என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். 60க்கு ஓடியிருக்கும், 200க்கு முடியாது என்று அந்த நொடியே மறுத்திருக்கும். எழுதாவிட்டால், முடிந்த வழியில் செய் என்று நாமே அனுமதி கொடுத்ததாக அர்த்தம்.

இரவு 9:40

வியாழக்கிழமை இரவு. நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே தனிக் கூத்து. 'ராத்திரி கூட்டம் இருக்காது' என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. வலைத்தளத்தின் வரைபடத்தைப் பார்த்தோம், ஒன்பது மணிக்குமேல் சரிந்து கிடந்தது. அது பார்சல் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்களின் வரைபடம். பார்சல் போடுபவர்களின் வரைபடத்தைப் பார்க்கவில்லை. கலாசிபாளையத்திலும் மடிவாளாவிலும் தனியார் பேருந்துகள் கிளம்பும் நேரமே இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று. எங்கள் தொழிலின் உச்ச நேரத்தை, ஊரார் வழக்கத்தை நம்பி, ஓய்வு நேரம் என்று எழுதிவைத்திருந்தோம்.

ஓடிய கட்டளை இது:

ஆல்டர் டேபிள் பார்சல் மாடிஃபை பெறுநர்_பெயர் வார்கேர்(200);

9:50க்கு கவுண்டர் அக்காவிடமிருந்து போன். கேஜிஎஃப் தமிழ், நடுநடுவே கன்னடம். "தம்பி, ஸ்கிரீன் சுத்திக்கினே கீது. பத்து மணி வண்டி நிக்காது. ஸ்வல்ப பாருங்க." இணையத்தைச் சோதித்தோம். ஆப் சர்வரை மறுபடி கிளப்பினோம். கட்டளையை ஓட்டிய இளையவரிடம் கேட்டபோது, "பழைய பார்சலெல்லாம் படிக்க முடியுதே அண்ணா, டேபிள் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மை. படிக்க முடிந்தது. எழுதத்தான் முடியவில்லை, அது அவர் திரையில் தெரியாது.

10:05க்கு அண்ணன் இயங்கிக்கொண்டிருக்கும் இணைப்புகளின் பட்டியலை எடுத்தார். வரிசையாக ஒரே வாசகம்: 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்', அதாவது டேபிளின் வரையறைமீது போட்ட பூட்டு திறக்கக் காத்திருக்கிறது. டேட்டா டைரக்டரியில் தற்காலிகக் கோப்பு 24 ஜிபி வரை வளர்ந்திருந்தது. நிறுத்தலாமா, முடியட்டும் என்று விடலாமா? "பாதிக்கு மேல வந்தாச்சு, விடுங்க" என்றார் அண்ணன். விட்டோம்.

இது தவறு என்றே நான் இன்றும் நினைக்கிறேன், அண்ணன் ஒத்துக்கொள்வதில்லை. நகல் எடுக்கும் கட்டத்தில் ஆல்டரைக் கொன்றால் பழைய டேபிளுக்கு ஒன்றும் ஆகாது. தற்காலிகக் கோப்பு போய்விடும், கவுண்டர் உடனே ஓடும். இழப்பது நாங்கள் காத்திருந்த நேரம் மட்டும். பாதிக் கிணறு தாண்டியாயிற்றே என்ற எண்ணம் எங்களை நிறுத்திவிட்டது.

10:21க்கு நகல் முடிந்தது. நிம்மதி வரவேண்டிய நிமிடத்தில் நிலைமை மோசமானது: படிப்பதும் நின்றுபோயிற்று. கடைசியில் பழைய டேபிளையும் புதியதையும் மாற்றிவைக்க ஒரு கணம் முழு உரிமைப் பூட்டு வேண்டும். அதற்கு முன்பே அந்த டேபிளைத் தொட்டு, முடிக்காமல் வைத்திருக்கும் எந்தப் பரிவர்த்தனை இருந்தாலும் ஆல்டர் காத்திருக்கும். ஆல்டர் காத்திருக்கும்போது அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு வினவலும் அதன் பின்னே காத்திருக்கும். சில்க் போர்டு சிக்னலில் ஒரு லாரி குறுக்கே நின்றால் ஓசூர் ரோடு முழுக்க நிற்பதுபோல.

குறுக்கே நின்ற லாரி ஒரு பைத்தான் நோட்புக், திரையிலேயே நிரல் எழுதி ஓட்டும் பக்கம். மாதாந்திர அறிக்கைக்காக மாலை ஏழு மணிக்கு ஒருவர் ஒரு செலக்ட் (படிக்கும் வினவல்) ஓட்டிவிட்டு, நோட்புக்கை மூடாமல் கிளம்பிப் போயிருந்தார். பைத்தானின் தரவுத்தள இணைப்புகளில் ஒவ்வொரு வினவலையும் தானாக முடித்துவைக்கும் ஆட்டோகமிட் இயல்பாகவே அணைந்திருக்கும். வெறும் படிப்பாக இருந்தாலும் பரிவர்த்தனை திறந்துவிடும், கமிட்டோ (உறுதிசெய்) ரோல்பேக்கோ (திரும்பப் பெறு) வரும்வரை மெட்டாடேட்டா பூட்டு கையில் இருக்கும். 'படிக்கத்தானே செஞ்சேன்' என்று அவர் மறுநாள் கேட்டது நியாயமான கேள்வி.

ஆல்டர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? லாக்_வெயிட்_டைம்அவுட் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 31536000 நொடி. வகுத்துப் பாருங்கள், 365 நாள். இன்னோடிபியின் பதிவுப் பூட்டுக்கு இருக்கும் 50 நொடி வரம்போடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு.

பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் மெட்டாடேட்டா_லாக்ஸ் டேபிளில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அந்த இணைப்பைத் துண்டித்தபோது மணி 10:35. அடுத்த நொடி எல்லாம் ஓடியது. ஓடியது முதன்மை சர்வரான பிரைமரியில் மட்டும். ஆல்டர் முடிந்த பிறகுதான், மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி லாக் வழியாக ரெப்ளிகாவுக்குப் போகும். அது தன் பங்குக்கு மறுபடியும் நாற்பது நிமிடம் நகல் எடுத்தது. தேடல் பக்கம் ரெப்ளிகாவிலிருந்து படிப்பதால், பதினொன்றேகால் வரை புதிதாகப் பதிந்த பார்சல்களுக்கு 'புக்கிங் இல்லை' என்றே வாடிக்கையாளர்களுக்குக் காட்டியது.

ஒன்பது நாள் கழித்து

சனிக்கிழமை காலை ஈரோட்டுக் கிடங்கிலிருந்து படங்கள் வந்தன. மூட்டைகளில் லேபிள் ஒட்டியிருக்கிறது, பார்கோடு இருக்கிறது, பெறுநர் வரி காலி. பெயர் மட்டுமல்ல, ஊர், தெரு, போன் எல்லாமே காலி.

பழைய வரையறை இப்படி இருந்தது: வார்கேர்(50) நாட் நல் டிஃபால்ட் வெற்றுச்சரம். நல் (NULL) என்றால் மதிப்பே இல்லாத நிலை; அது கூடாது, எதுவும் வராவிட்டால் வெற்றுச்சரம் வை என்று பொருள். மேலே நாங்கள் ஓட்டிய கட்டளையைத் திரும்பப் பாருங்கள். 'நாட் நல்' இல்லை. 'டிஃபால்ட்' இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் மாடிஃபை, இருப்பதில் ஒன்றை மட்டும் மாற்றும் கட்டளை அல்ல. முழு வரையறையையும் புதிதாக எழுதும் கட்டளை. சொல்லாததெல்லாம் போய்விடும்: நாட் நல், டிஃபால்ட், குறிப்புரை, ஆட்டோ இன்கிரிமென்ட், அன்சைன்ட், எல்லாம். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. நீங்கள் கேட்டதை அது கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பெறுநரே நேரில் வந்து எடுத்துக்கொள்ளும் பார்சல்களுக்குப் பழைய கவுண்டர் மென்பொருள் பெயர் நெடுவரிசையை அனுப்புவதே இல்லை. முன்பு அங்கே வெற்றுச்சரம் விழுந்தது. அந்த வியாழன் முதல் நல் விழுந்தது. லேபிள் அச்சிடும் வினவல் பெயர், தெரு, ஊர், போன் நான்கையும் கன்கேட் கொண்டு ஒட்டுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் கன்கேட்டுக்குள் ஒரே ஒரு நல் இருந்தாலும் மொத்த விடையும் நல். ஒரு துளி நஞ்சு, குடம் பாலும் போச்சு. கன்கேட்_டபிள்யூஎஸ் பயன்படுத்தியிருந்தால் நல்லைத் தாண்டிப் போயிருக்கும்; யாரோ என்றோ எழுதியதை யார் போய்ப் பார்த்தோம்.

பெயரில்லாத பார்சல்களைத் தேடி அனுப்புநருக்கு போன் செய்யச் சொல்லும் இரவு வேலை ஒன்றும் இருந்தது. அது இதைப் பிடித்திருக்க வேண்டும். அதன் நிபந்தனை 'பெயர் = வெற்றுச்சரம்'. நல் எதற்கும் சமமல்ல, வெற்றுச்சரத்துக்கும் சமமல்ல. ஒன்பது இரவும் அது 'எல்லாம் சரி' என்று அறிக்கை அனுப்பியது. நாங்கள் அதைப் பார்த்து, பெயரோடு புக் செய்யும் பழக்கம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம்!

பெயர் தெரியாத இடத்தில் வெற்றுச்சரம் வைப்பது நல்ல வடிவமைப்பா என்று கேட்டால், இல்லை என்பேன். நல்தான் நேர்மையானது. ஆனால் ஆறு வருடமாக வெற்றுச்சரத்தை நம்பி எழுதிய நிரல்களுக்கு நடுவே, யாரிடமும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல் நேர்மையாக மாறக்கூடாது.

சரிசெய்தது மூன்று படி. முதலில் 'ஆல்டர் காலம் செட் டிஃபால்ட்' மூலம் இயல்பு மதிப்பை மீட்டோம். இது குறிப்பை மட்டும் மாற்றும், நகல் கிடையாது, ஒரு நொடி வேலை. புதிய நல் வருவது நின்றது. அடுத்து விழுந்திருந்த நல்களை ஐயாயிரம் ஐயாயிரமாக வெற்றுச்சரமாக்கினோம். கடைசியில் நாட் நல்லைத் திரும்பப் போட்டோம். இது டேபிளை மறுபடி கட்டும் வேலைதான், ஆனால் இன்பிளேஸ் வகை, டேபிளில் எழுதுவது நிற்காது. இதற்கு ஸ்ட்ரிக்ட் மோடு தேவை.

ஸ்ட்ரிக்ட் மோடு 5.7 பதிப்பில் இயல்பாக வருவதற்கு முந்தைய டேபிள் ஒன்றை இந்த நிறுவனத்தில் பார்த்திருக்கிறேன். கைபேசி எண்ணை இன்ட் (முழு எண்) நெடுவரிசையில் வைத்திருந்தார்கள். நம் கைபேசி எண்கள் 6இல் தொடங்கி மேலே போகும் பத்து இலக்கம். இன்ட்டின் உச்சம் 2147483647, அன்சைன்ட் (எதிர்ம எண் இல்லாத வகை) என்றாலும் 4294967295. ஆகவே ஓர் எண்கூட உள்ளே போகாது. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே எண் பதிவாகியிருந்தது: 2147483647. நெடுவரிசையை வார்கேராக்கினோம், எண்கள் திரும்ப வரவில்லை. வரையறையைப் பெரிதாக்கலாம், வெட்டிப்போனதை ஒட்ட முடியாது.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இருந்திருந்தால்? வார்கேர் நீளத்தைக் கூட்டினால் 9.2 பதிப்பு முதல் டேபிள் திருத்தி எழுதப்படுவதில்லை. 'ஆல்டர் காலம் டைப்' வகையை மட்டும் மாற்றும், நாட் நல்லைத் தொடாது. கட்டளையையே பரிவர்த்தனைக்குள் வைத்து ரோல்பேக் செய்யலாம். ஆக, எங்கள் இரண்டாவது விபத்து நடந்திருக்காது. நோட்புக் லாரி மட்டும் அங்கேயும் நின்றிருக்கும்: போஸ்ட்கிரெஸின் லாக்_டைம்அவுட் இயல்பாகவே பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை.

பிறகு

இப்போது ஆல்டர் எழுதும் யாரும் கையால் வரையறை தட்டுவதில்லை. 'ஷோ கிரியேட் டேபிள்' கொடுக்கும் வரியை அப்படியே நகலெடுத்து, அதில் மாற வேண்டியதை மட்டும் மாற்றுகிறோம். ஓட்டியபின் மறுபடி அதே கட்டளை. முன்னதையும் பின்னதையும் அருகருகே வைத்து இன்னொருவர் பார்க்க வேண்டும். அல்காரிதம் குறிப்பிடாத ஆல்டரை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆல்டர் ஓட்டும் இணைப்பில் லாக்_வெயிட்_டைம்அவுட் ஐந்து நொடி. கிடைக்காவிட்டால் விலகி, பிறகு வருவோம். அறிக்கைக்காரர்கள் ரெப்ளிகாவுக்கு மாறிவிட்டார்கள், கொஞ்சம் முணுமுணுப்போடு.

முழு நகல் தவிர்க்க முடியாத மாற்றம் அடுத்த மாதமே வந்தது. ஸ்கேன் வரலாற்று டேபிளின் ஐடி இன்ட்டாக இருந்தது, 170 கோடியைத் தாண்டியிருந்தது. 214 கோடியில் சுவர். பதிவுகள் அவ்வளவு இல்லை. தோற்றுப்போகும் இன்சர்ட்டுகளும் எண்ணைத் தின்றுவிடுகின்றன. அதைவிடப் பெரிய எண் வகையான பிக்இன்ட்டாக்க கோஸ்ட் பயன்படுத்தினோம், கிட்ஹப் 2016இல் வெளியிட்ட கருவி. பக்கத்தில் ஒரு நிழல் டேபிளைக் கட்டி, பழையதைத் துண்டு துண்டாக நகலெடுத்து, இடையில் நடக்கும் மாற்றங்களை பைனரி லாக்கிலிருந்து படித்துச் சேர்க்கும். பெர்கோனாவின் கருவி இதையே டிரிகர் (டேபிள் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் நிரல்) வைத்துச் செய்கிறது. டிரிகர் ஒவ்வொரு ஸ்கேனிலும் சுமையேற்றும் என்பதால் அதை விட்டோம். கோஸ்ட்டில் கடைசி மாற்றத்தை ஒரு கோப்பு இருக்கும்வரை தள்ளிப்போடலாம். செவ்வாய் மதியம் இரண்டேமுக்காலுக்கு, பேருந்து எதுவும் கிளம்பாத நேரத்தில், அண்ணன் அந்தக் கோப்பை அழித்தார். கவுண்டர் அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். கார்பன் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாராம், தேவைப்படவில்லை.

அந்த ஐடியைக் குறித்துவைக்கும் இன்னொரு டேபிள் பாக்கி இருக்கிறது. அதில் வேறொரு டேபிளோடு பிணைக்கும் ஃபாரின் கீ உண்டு; அப்படிப்பட்ட டேபிளை கோஸ்ட் தொடாது. அங்கேயும் நெடுவரிசை இன்ட்தான், 214 கோடி வந்தால் அதுதான் முதலில் முட்டும். ஃபாரின் கீயை எடுத்துவிட்டு மாற்றுவதா, டேபிளையே பிரிப்பதா என்று அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் வாதம் நடக்கிறது. பொங்கல் கூட்டம் முடிந்த பிறகு என்று தேதி மட்டும் குறித்திருக்கிறோம்.